வேர்முடிச்சிலிருந்து வினையூக்கி வரை

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்துக் கருத்துணர்க.

பேராக் மாநிலத்தின் வரலாற்றை இரண்டு பொருள்கள் எழுதின. ஒன்று ஈயம், மற்றொன்று ரப்பர். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டப்பட்ட ஈயம் ஈப்போவை நகரமாக்கியது. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்தைச் சேர்ந்ததாகப் போற்றப்படும் முதிய மரம் ஒன்று இன்றும் அந்நகரில் நிற்கிறது. பின்னர், பால்மரங்கள் மாநிலமெங்கும் பரவின. சுங்கை சிப்புட், செமோர், கோலகங்சார் ஆகிய வட்டாரங்களில் காடுகளை அழித்துத் தோட்டங்களை உருவாக்கியவர்களுள் தமிழர்களே மிகுதி. இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன.

ஈயமும் ரப்பரும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆயினும், அதே தோட்டங்களின் மண்ணுக்கடியில் மூன்றாவது பொருள் ஒன்று இலைமறை காயாக வேலை செய்துகொண்டிருந்தது. அதுதான் இரும்பு. அந்த இரும்பு செய்த வேலையைக் கற்றுக்கொள்ள உலகின் சிறந்த வேதியியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக முயன்று வருகின்றனர்.

மண்ணுக்கடியில் ஓர் உரத் தொழிற்சாலை

தொடக்ககாலத் தோட்டங்களில் பால்மர வரிசைகளுக்கு இடையே புல்பூண்டு எதுவும் இருக்கக்கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. தொழிலாளர்கள் மண்வெட்டியால் களைகளைச் சுரண்டி நிலத்தை வெறுமையாக வைத்திருந்தனர். அதன் விளைவு விரைவில் தெரிந்தது. கனமழை மேல்மண்ணை அரித்து ஆறுகளில் சேர்த்தது, நிலம் வளமிழந்தது. ஆகவே, நிலத்தை மூடிப் படரும் பயற்றினக் கொடிகளை வரிசைகளுக்கு இடையே வளர்க்கும் முறை பரவியது. மலாய்மொழியில் இவற்றைக் ‘காச்சாங் பெனுத்துப் பூமி’ என்பர். பியூராரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் ஆகியவை இவற்றுள் புகழ்பெற்றவை. இளஞ்செம்பனை நிற்கும் தோட்டங்களில் இத்தகைய கொடிகளை இன்றும் காணலாம்.

இக்கொடிகள் மண்ணரிப்பைத் தடுத்ததோடு நிற்கவில்லை. மண்ணுக்கு உரமும் இட்டன. கொடியைப் பிடுங்கி வேரைக் கவனித்தால் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். அம்முடிச்சுக்குள் ரைசோபியம் வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்து அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குத் தருகின்றன. செடி அதற்கு ஈடாகச் சர்க்கரையைத் தருகிறது. கொடியின் இலைகள் உதிர்ந்து மக்கும்போது அந்த நைட்ரஜன் மண்ணில் சேர்ந்து பக்கத்தில் நிற்கும் மரத்தையும் ஊட்டுகிறது. உர மூட்டை இல்லை, புகைபோக்கி இல்லை. ஆனால் அங்கே ஓர் உரத் தொழிற்சாலை இயங்குகிறது.

அத்தொழிற்சாலையின் இயந்திரம் நைட்ரோஜினேஸ் என்னும் நொதி ஆகும். உயிர்களின் உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களை நொதிகள் என்கிறோம். நைட்ரோஜினேஸின் நடுவே மிகச் சிறிய அணுக்கொத்து ஒன்று அமைந்துள்ளது. அதில் 7 இரும்பு அணுக்கள், 9 கந்தக அணுக்கள், 1 மாலிப்டினம் அணு, 1 கரி அணு ஆகியவை உள்ளன. நடுவில் இருப்பது கரி அணுதான் என்பது 2011ஆம் ஆண்டில்தான் உறுதியானது. மாலிப்டினமே இல்லாமல் இரும்பை மட்டும் கொண்டு இயங்கும் நைட்ரோஜினேஸ்களும் சில நுண்ணுயிர்களில் உண்டு. இரும்பு இல்லாத வகையோ இதுவரை அறியப்பட்டவற்றுள் பொதுவாக இல்லை எனலாம்.

முடிச்சின் இளஞ்சிவப்பு நிறத்திற்கும் இரும்பே காரணம். நைட்ரோஜினேஸ் ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆகவே, நம் குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒத்த ஒரு புரதத்தைச் செடி உருவாக்கி முடிச்சுக்குள் நிரப்புகிறது. அப்புரதத்திலுள்ள இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, தேவையான அளவு மட்டுமே உள்ளே செல்ல விடுகிறது. ஓர் இரும்பு வேலை செய்கிறது. மற்றோர் இரும்பு அதற்குக் காவல் நிற்கிறது.

நெருப்பும் அழுத்தமும்

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். பயிர்களுக்கு நைட்ரஜன் இன்றியமையாதது. இருப்பினும், கடல்நீர் நடுவே தாகத்தோடு இருப்பவரைப்போல், பயிர்கள் காற்று நைட்ரஜனை நேரடியாகப் பயன்படுத்த முடிவதில்லை. நைட்ரஜன் மூலக்கூற்றில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருப்பதே இதற்குக் காரணம்.

இக்கட்டை மனிதர் முதன்முதலில் தொழில்முறையில் அவிழ்த்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1909ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்னும் வேதியியலாளர், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர்ந்த அழுத்தத்தில் சூடாக்கி அம்மோனியாவைச் சொட்டச் செய்து காட்டினார். வினையைத் தூண்ட அவர் பயன்படுத்திய உலோகம் ஆஸ்மியம். அது கிடைத்தற்கரிய உலோகம். உலகிலுள்ள ஆஸ்மியம் முழுவதையும் திரட்டினாலும் உலகுக்கு உரம் செய்யப் போதாது.

கார்ல் போஷ் தலைமையில் பாஸ்ஃப் நிறுவனம் இம்முறையைப் பெரிய அளவுக்குக் கொண்டுசெல்ல முனைந்தது. அங்குப் பணியாற்றிய ஆல்வின் மிட்டாஷ் மலிவான வினையூக்கியைத் தேடி ஆயிரக்கணக்கான சோதனைகளைச் செய்தார். சுவீடன் நாட்டு இரும்புத்தாது ஒன்று எதிர்பாராத நல்விளைவைத் தந்தது. தூய இரும்பு அவ்வளவு சிறப்பாகச் செயல்படவில்லை. தாதுவில் கலந்திருந்த சிறிதளவு வேறு பொருள்களே இரும்புக்குத் துணைநின்றன என்பதை அவர் உணர்ந்தார். அலுமினிய ஆக்சைடும் பொட்டாசியமும் சேர்த்த இரும்பு வினையூக்கி பிறந்தது. 1913ஆம் ஆண்டு ஒப்பாவ் நகரில் முதல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்றும் உலகின் அம்மோனியா உற்பத்தியில் பெரும்பாலும் இரும்பு வினையூக்கியே பயன்படுகிறது. நம் நாட்டில் பிந்துலுவிலும் குரூணிலும் உள்ள யூரியா உரத் தொழிற்சாலைகளுக்கும் அம்மோனியாவே அடிப்படை.

இம்முறை உலகுக்குச் சோறு போட்டது. இன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு இம்முறையில் உருவான உரத்தைச் சார்ந்திருப்பதாக அறிஞர்கள் கணக்கிடுகின்றனர். ஆனால், இதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது. வினை நடக்க 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பமும் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. ஹைட்ரஜனைப் பெறப் பெரும்பாலும் இயற்கை எரிவாயு பயன்படுகிறது. உலகின் மொத்த ஆற்றலில் 1 முதல் 2 விழுக்காடு அம்மோனியா உற்பத்திக்கே செலவாகிறது. கரியமில வாயுவும் பெருமளவில் வெளியாகிறது.

சுங்கை சிப்புட் வெயிலில் படர்ந்திருக்கும் ஒரு கொடியின் வேரோ அதே வேலையைச் சாதாரண வெப்பத்திலும் சாதாரண அழுத்தத்திலும் செய்துமுடிக்கிறது. நுண்ணுயிரும் இதை இலவசமாகச் செய்வதில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை மாற்ற, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. ஆயினும், அதற்குக் கொதிகலன் வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் இருப்பது இரும்புதான். அப்படியானால், வேறுபாடு எங்கே இருக்கிறது?

இரும்பு ஒன்று, சூழல் வேறு

விடையை எளிய ஒரு சோதனையிலேயே காணலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் போட்டால் நுரை பொங்கும். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதால் ஏற்படும் நுரை அது. ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு வினாடியில் இலட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளைப் பிரிக்கவல்லது. அதன் மையத்தில் இருப்பதும் இரும்பே. நீரில் கரைந்த சாதாரண இரும்பு உப்பும் பெராக்சைடைப் பிரிக்கும். ஆனால், அதன் வேகம் நொதியின் வேகத்திற்கு முன் ஆமை நடைதான்.

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பார்கள். நொதியில் இரும்பும் அப்படித்தான். இரும்பைச் சுற்றி எந்த அணுக்கள் நிற்கின்றன, எத்தனை நிற்கின்றன, எந்தத் திசையில் நிற்கின்றன, வினைப்பொருள் நுழைய எந்த வாசல் திறந்திருக்கிறது ஆகியவை இரும்பின் குணத்தையே மாற்றிவிடுகின்றன. ஈமோகுளோபினில் இரும்பு ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது, அதை உடைப்பதில்லை. நம் கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 நொதியிலோ ஏறத்தாழ அதே வளையத்தில் அமர்ந்த இரும்பு ஆக்சிஜனை உடைத்து, நாம் உண்ட மருந்துகளோடு இணைத்து, அவை உடலைவிட்டு வெளியேற வழிசெய்கிறது. இரும்புக்குப் பின்புறம் நிற்கும் ஓர் அணு வேறுபடுவது இதற்கு முக்கியக் காரணம். முன்னதில் அது நைட்ரஜன், பின்னதில் கந்தகம்.

இவ்வுண்மையே ஒரு புதிய ஆய்வுத்துறைக்கு வித்திட்டது. நொதி என்பது ஆயிரக்கணக்கான அணுக்களாலான பெரிய புரதம். அதை முழுமையாகச் செய்வது கடினம். அதன் மையத்திலுள்ள இரும்பையும் அதைச் சூழ்ந்த சில அணுக்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சிறிய மூலக்கூறு ஒன்றை ஆய்வுக்கூடத்தில் கட்டினால் அது நொதியைப்போல் வேலை செய்யுமா? இரும்பைத் தாங்கிப் பிடிக்கும் அச்சிறு மூலக்கூற்றை ஈந்தணைவி என்பர். நொதியைப் பார்த்துச் செய்யும் இரும்பு வினையூக்கிகளில் ஈந்தணைவியை வடிவமைப்பதே பெரும்பணி.

ஏன் இரும்பைத் தேட வேண்டும்?

தொழில்துறையில் இன்று பயன்படும் வினையூக்கிகள் பலவற்றில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற அரிய உலோகங்கள் உள்ளன. வாகனப் புகையைத் தூய்மையாக்கும் கருவியிலும் இவையே உள்ளன. இவை ஒரு சில நாடுகளிலேயே பெருமளவில் கிடைக்கின்றன. பிளாட்டினத்தின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. சிறிதளவு உலோகத்திற்காகப் பெருமளவு பாறையைத் தோண்ட வேண்டியுள்ளது.

ஒரு உலோகத்தை நம்பி வாழ்வதன் பொருள் என்ன என்பதைக் கிந்தா பள்ளத்தாக்கு நன்கறியும். உலகிலேயே வளமான ஈய வயல்களுள் ஒன்றாக விளங்கிய இப்பகுதியில், 1985ஆம் ஆண்டு ஈயச்சந்தை சரிந்தபோது சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்கள் இன்று குளங்களாக நிற்கின்றன. மேல்மண் கழுவப்பட்ட மணல்நிலம் பல இடங்களில் நெடுங்காலம் பயிருக்கு உதவாமல் கிடந்தது.

இரும்பு அவ்வாறன்று. புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்பு. அது மலிவானது, எங்கும் கிடைப்பது, உடலுக்கும் தேவையானது. மருந்து உற்பத்தியில் எஞ்சும் பல்லேடியத்திற்குக் கடுமையான வரம்பு உண்டு. இரும்பைப் பற்றிய கவலை அதைவிட மிகக் குறைவு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக உயிர்கள் தம் நொதிகளில் இரும்பைப் பயன்படுத்தி வருவதிலும் வியப்பில்லை. கையருகே இருந்ததைக் கொண்டு கைதேர்ந்த வேலையைச் செய்ய இயற்கை கற்றுக்கொண்டது.

திருச்சிராப்பள்ளியில் ஒரு தேடல்

இத்தேடலில் தமிழகத்திற்கும் பங்குண்டு. அதை அறிய முதலில் மண்ணிலுள்ள மற்றொரு நொதியை அறிய வேண்டும்.

மரக்கட்டையும் இலையும் மக்கும்போது வளைய வடிவச் சேர்மங்கள் உண்டாகின்றன. தொழிற்சாலைக் கழிவிலும் இத்தகைய சேர்மங்கள் உண்டு. ஆறு கரி அணுக்கள் கைகோத்து நிற்கும் இவ்வளையத்தை உடைப்பது எளிதன்று. மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்கள் அதை உடைத்து உணவாக்கிக்கொள்கின்றன. கேட்டக்கால் டைஆக்சிஜினேஸ் என்னும் இரும்பு நொதி அதற்கு உதவுகிறது. 1955ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் ஒசாமு ஹயாய்ஷி அமெரிக்காவில் பணியாற்றியபோது, எடை கூடிய ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டு இந்நொதியை ஆராய்ந்தார். வளையம் உடையும்போது சேரும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் நீரிலிருந்து அல்ல, காற்றின் ஆக்சிஜனிலிருந்தே வருகின்றன என்று காட்டினார். உயிர்கள் காற்றின் ஆக்சிஜனை நேரடியாகச் சேர்மங்களில் சேர்ப்பதில்லை என்ற அந்நாளைய கருத்தை இது மாற்றியது.

திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மல்லையன் பழனியாண்டவர் தம் மாணவர்களோடு இந்நொதியின் மாதிரிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நொதியில் இரும்பைச் சுற்றி நைட்ரஜன் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் நிற்கின்றன. அதே அமைப்பைத் தரும் ஈந்தணைவிகளை அவர்கள் ஒவ்வொன்றாகத் தயாரித்தனர். இரும்போடு அவை சேர்ந்ததும் ஆழ்ந்த நிறமுடைய கரைசல்கள் கிடைத்தன. அதில் கேட்டக்கால் வகைச் சேர்மத்தைச் சேர்த்து ஆக்சிஜன் பட விட்டனர். வினை நடக்க நடக்க நிறம் மங்கியது. நிறம் மங்கும் வேகத்தைக் கருவியால் அளந்தே வினையின் வேகத்தைக் கணித்தனர்.

இவ்வாய்வுகள் ஒரு முக்கியச் செய்தியைத் தெரிவித்தன. ஈந்தணைவியில் ஒரு சிறு பகுதியை மாற்றினாலே வினையின் வேகம் மாறுகிறது. இரும்பு எலக்ட்ரான்களைத் தன்பால் ஈர்க்கும் திறன் கூடும்போது வினை விரைகிறது. இரும்பைச் சூழ்ந்த அணுக்கள் அமையும் கோணத்தைப் பொறுத்து வளையம் எந்த இடத்தில் உடைகிறது என்பதும் மாறுகிறது. மாதிரிகள் இயற்கை நொதியின் வேகத்தை எட்டவில்லை. ஆனால், நொதி ஏன் அவ்வாறு அமைந்துள்ளது என்பதை அவை விளக்கின. ஒரு கடிகாரத்தைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி, அதைப்போல் ஒன்றைச் செய்துபார்ப்பதே.

தன்னையே எரிக்கும் விளக்கு

மாதிரி வினையூக்கிகளுக்கு ஒரு பெரும் பகை உண்டு. அது அவற்றின் சொந்த வலிமையே. ஆக்சிஜனைக் கூர்மையான ஆயுதமாக மாற்றும் இரும்பு, அருகிலுள்ள தன் ஈந்தணைவியையே தாக்கி அழித்துவிடும். நொதியில் பெரிய புரதம் அரண்போல் நின்று இதைப் பெருமளவு தடுக்கிறது. சிறிய மாதிரிக்கு அந்த அரண் இல்லை.

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நியூசிலாந்துக்காரரான டெரன்ஸ் காலின்ஸ் இச்சிக்கலோடு ஆண்டுக்கணக்கில் போராடினார். காகிதத் தொழிலில் வெளுப்பதற்குக் குளோரின் பயன்படும்போது நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன. அதற்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தினால் எஞ்சுவது நீர்தான். ஆனால், பெராக்சைடைத் தூண்ட நல்ல வினையூக்கி தேவை. காலின்ஸ் குழுவினர் ஒரு மாதிரியைச் செய்வர், அது அழியும். அழிந்த துண்டுகளை ஆராய்ந்து, எந்தப் பிணைப்பு முதலில் உடைந்தது என்று கண்டறிவர். அந்தப் பிணைப்பை வலிமையான வேறொன்றால் மாற்றி மீண்டும் செய்வர். இவ்வாறு, தோல்வியையே ஆசிரியராகக் கொண்டு உருவாக்கியதுதான் டாம்ல் எனப்படும் இரும்பு வினையூக்கி. நான்கு நைட்ரஜன் அணுக்கள் கொண்ட வளையம் இரும்பை இறுகப் பற்றியிருக்கும். மிகச் சிறிதளவு சேர்த்தாலே பெராக்சைடு, நீரிலுள்ள சாயங்களையும் சில பூச்சிக்கொல்லிகளையும் சிதைக்கிறது. 1999ஆம் ஆண்டு இப்பணிக்கு அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது.

மீண்டும் வேர்முடிச்சுக்கு

நைட்ரஜனை மாற்றும் மாதிரியைச் செய்வது இன்னும் கடினமாக இருந்தது. 2003ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஷ்ராக் குழுவினர், மாலிப்டினம் கொண்ட ஒரு சிறிய மூலக்கூறு சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் என்று காட்டினர். இரும்பால் அது முடியுமா என்ற கேள்வி மேலும் பத்தாண்டுகள் நிலவியது. 2013ஆம் ஆண்டு கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோனஸ் பீட்டர்ஸ் குழுவினர் முடியும் என நிறுவினர். அவர்களுடைய வினையூக்கியில் ஓர் இரும்பு அணுவை மூன்று பாஸ்பரஸ் அணுக்களும் ஒரு போரான் அணுவும் தாங்கி நின்றன.

அவ்வினையில் ஓர் இரும்பு அணுவுக்கு ஏறக்குறைய 7 அம்மோனியா மூலக்கூறுகள் கிடைத்தன. கரைசலைச் சுழியத்திற்குக் கீழ் 78 பாகை செல்சியஸ் வரை குளிரவைக்க வேண்டியிருந்தது. விலையுயர்ந்த வேதிப்பொருள்களும் தேவைப்பட்டன. உரத் தொழிற்சாலையை நடத்த இது போதாது. இருப்பினும், ஒற்றை இரும்பு அணுவை மையமாகக் கொண்ட சிறு மூலக்கூறும் அந்த மூன்று பிணைப்புகளை அவிழ்க்க வல்லது என்பது ஐயமற உறுதியானது. மிட்டாஷின் முதல் நல்ல சோதனையிலிருந்து தொழிற்சாலை எழ நான்கு ஆண்டுகளே ஆயின. நொதியைப் பார்த்துச் செய்யும் இம்முயற்சியோ இன்னும் பயணத்தின் நடுவில்தான் இருக்கிறது.

ரப்பரைத் தின்னும் இரும்பு

பால்மரத்துக்கும் இரும்பு நொதிக்கும் மேலும் ஒரு தொடர்பு உண்டு. ரப்பர் என்பது ஐசோப்பிரீன் என்னும் சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. பழைய டயர்கள் எளிதில் மக்காமல் குவிந்துகிடப்பதை எல்லாரும் பார்த்திருப்பர். ஆனால், ரப்பர் பாலைக் கலந்த தட்டில் வளர்த்தால், தம்மைச் சுற்றியுள்ள வெண்மையைத் தெளிவாக்கிவிடும் நுண்ணுயிர்கள் சில உள்ளன. அவை ரப்பர்ச் சங்கிலியை வெட்டித் தின்கின்றன. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் டீட்டர் ஜென்ட்ரோசெக் முதலியோர் இந்நொதிகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ராக்ஸ்ஏ என்னும் நொதியின் முப்பரிமாண வடிவம் 2013ஆம் ஆண்டு வெளியானது. அதன் மையத்திலும், எல்சிபி என்னும் மற்றொரு ரப்பர் நொதியின் மையத்திலும் நம் குருதியில் உள்ளதைப் போன்ற இரும்பு வளையமே இருக்கிறது. அந்த இரும்பு காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு சங்கிலியை அறுக்கிறது.

கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய டயரை இந்நொதிகளால் எளிதில் வெட்ட முடிவதில்லை. கந்தகம் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுவதே காரணம். ஆகவே, இந்நொதியின் வழியைப் பின்பற்றும் உறுதியான வினையூக்கி ஒன்று உருவானால், பழைய ரப்பரைக் குப்பையாக அன்றி மூலப்பொருளாகப் பார்க்கலாம். ரப்பரால் வளர்ந்த நாட்டுக்கு இது பிறர் வீட்டுக் கதை அன்று.

பழைய ஈயச் சுரங்க ஊரான துரோனோவுக்கு அருகில், ஸ்ரீ இஸ்கந்தாரில், 1997ஆம் ஆண்டு பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அங்கு வேதிப்பொறியியல் பயிலும் மாணவர்களுக்கு வினையூக்கி ஓர் இன்றியமையாத பாடம். தாத்தா பாட்டி மண்வெட்டி பிடித்த மாநிலத்தில், பேரப்பிள்ளைகள் அதே மண்ணின் நுண்ணுயிர்களிடம் பாடம் கற்க வாய்ப்பு கனிந்துள்ளது. அதற்கு வேதியியல் அறிவு வேண்டும். தோல்வியைக் கண்டு துவளாத பொறுமையும் வேண்டும். சாலையோரத்தில் படர்ந்திருக்கும் கொடியைக் களை என்று கடந்துபோகாமல், வேரைப் பிடுங்கிப் பார்க்கும் ஆர்வமும் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

நொதி – உயிர்களின் உடலில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்
வினையூக்கி – தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
ஈந்தணைவி – உலோக அணுவைச் சூழ்ந்து பற்றி நிற்கும் மூலக்கூறு
சேர்மம் – இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்கள் இணைந்த பொருள்
அரண் – பாதுகாப்பு, கோட்டை
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

கருத்துணர் கேள்விகள்

1. தொடக்ககாலத் தோட்டங்களில் நிலத்தை வெறுமையாக வைத்திருந்ததால் ஏற்பட்ட விளைவுகள் இரண்டனைக் குறிப்பிடுக.
2. வேர்முடிச்சில் ‘ஓர் இரும்பு வேலை செய்கிறது, மற்றோர் இரும்பு காவல் நிற்கிறது’ என்பதை விளக்குக.
3. ஆஸ்மியத்திற்குப் பதிலாக இரும்பைத் தேடியதற்கான காரணம் யாது?
4. ‘பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்’ என்னும் பழமொழி இக்கட்டுரையில் எக்கருத்தை விளக்கப் பயன்பட்டுள்ளது?
5. காலின்ஸ் குழுவினர் தோல்வியை எவ்வாறு பயன்படுத்திக்கொண்டனர்?
6. ‘இலைமறை காய்’, ‘கைதேர்ந்த’ ஆகிய தொடர்களின் பொருள் விளங்க வாக்கியம் அமைத்திடுக.
7. தொழிற்சாலை உரத்தை முற்றாக நிறுத்திவிட்டுப் பயற்றினக் கொடிகளை மட்டும் நம்பலாம் என்று ஒருவர் கூறுகிறார். கட்டுரையிலுள்ள தகவல்களைக் கொண்டு உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.